கத்தரித்த தாளிற் பிறக்கும் சித்திரம்

கலைகளை அறுபத்து நான்கென வகுத்தெண்ணுதல் பாரத நாட்டின் பழைய வழக்கு. வாத்சியாயனர் தந்துள்ள வரிசையில் பாட்டு, கருவியிசை, கூத்து, ஓவியம் என்னும் நான்கினையும் அடுத்து நிற்பது ‘விசேடகச்சேத்தியம்’ என்பதாகும். இலை முதலியவற்றைத் திலக வடிவாகக் கத்தரித்து நெற்றியில் அணிவதற்கேற்ப அமைக்குந் திறனே அது. பாட்டையும் கூத்தையும் ஓவியத்தையும் அறிந்த அளவுக்கு இக்கலையை இன்று அறிவார் மிகச் சிலர். எனினும், ஓவியத்துக்கு அடுத்த இருக்கையை முன்னோர் இதற்கு அளித்தமை சிந்திக்கத்தக்கது. கோடிழுத்து உருவம் படைப்பது ஒரு வழி. வேண்டாததை வெட்டி நீக்கி உருவம் படைப்பது மற்றொரு வழி. இரண்டும் அயலயலே வைத்தெண்ணத் தக்கன என்று அவர்கள் கருதினர் போலும்.

இலைக்குப் பதிலாகத் தாள் வந்தபின் இத்திறன் பல நாடுகளிற் செழித்தது. சீனத்திலே கி.பி. 105இல் சாய் லுன் என்பார் தாள் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தி அரசவைக்கு அறிவித்தார் என்பது வரலாறு. அந்நாட்டின் மேற்கே துர்பான் என்னும் வறண்ட நிலத்திற் கண்டெடுக்கப்பெற்ற கத்தரித் தாள்கள் ஆறாம் நூற்றாண்டினவாகக் கணிக்கப்படுகின்றன. சீனக் கத்தரித் தாட்கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2009இல் மானிட குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. துர்பான் தாள்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் பிழைத்திருந்தமைக்குக் காரணம் அந்நிலத்தின் வறட்சியே. இச்செய்தியை இங்கே குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஈரம் மிகுந்த மலைநாட்டில் இதன் மறுபக்கம் புலப்படும்.

நுவரெலியா மாவட்டத்தில், தலவாக்கலையிலிருந்து நானுஓயா நோக்கி ஏறுகின்ற பெருந்தெருவில் அமைந்தது லிந்துலை. நாற்புறமும் தேயிலை. இத்தகைய மலையூர்களிலே தாளைக் கத்தரிக்கும் வேலை புதியதன்று. மாசி மாதத்திற் காமன் கூத்து நிகழும்போது இரதிக்கும் மன்மதனுக்கும் வேண்டிய கிரீடமும் புயவணியும் அட்டையாலும் வண்ணத்தாளாலும் சரிகைத்தாளாலும் அமைகின்றன. மாரியம்மன் திருவிழாவிலே சப்பறத்தின் மூங்கிற் சட்டத்தைப் போர்ப்பன பல்வண்ணத் தாள்கள். அவற்றின் ஓரங்கள் முக்கோணங்களாகவும் பிறைகளாகவும் வெட்டுண்டு தொங்கும். தென்னை செழிக்காத உயரமாதலின், கரைநாட்டிலே குருத்தோலை செய்யும் பணியைப் பல இடங்களில் இங்கே தாள் செய்கின்றது. வெசாக் காலத்தில் கடைவீதியெங்கும் தொங்கும் எண்கோணக் கூடுகள், மூங்கிற் சட்டம், மெல்லிய தாள், கத்தரிக்கோல் என்னும் மூன்றினாலேயே உண்டாயினவை. இறுதியில், மயானஞ் செல்லும் பாடையிலும் கத்தரித்த தாளே பூவாகின்றது. பிறப்புக்கு இல்லாவிடினும் இறப்புக்கேனும் ஒவ்வொரு லயத்துக்கும் தாள் வெட்டுவான் ஒருவன் தேவைப்படுகின்றான்.

அவன் யார் என்பதுதான் தெரிவதில்லை. கூத்திலே இரதி வேடம் பூண்டவனை ஊரார் பல்லாண்டு நினைத்திருப்பர். இரதியின் கிரீடத்தைச் செய்தவனை மறுநாளே மறந்துவிடுவர். அவன் கைவேலையோ, விழா முடிந்து பெய்யும் முதல் மழையிலே சாயம் ஒழுகிக் கரைந்துபோம். எனவே, லிந்துலைப் பக்கத்து மாணவன் ஒருவன் தாளிற் சித்திரம் வெட்டப் பயில விரும்பினால், முன்னோர் வேலையைப் பார்த்துப் பழகுதற்கு ஏடும் இல்லை, காட்சிச்சாலையும் இல்லை. உயிரோடிருக்கும் ஒருவனது கையைப் பார்க்கவேண்டும்; அல்லது தொலைநாட்டுக் கலைஞர் விட்டுச்சென்றவற்றைப் பார்க்கவேண்டும். இரண்டும் செய்தல் நன்று. ஆயின் எதனைப் பார்ப்பது என்பது முன்னரே தெளிவாதல் வேண்டும்.

வரைந்த சித்திரத்துக்கும் வெட்டிய சித்திரத்துக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே. வரைபவன் தாளின் நடுவே தனித்து ஒரு கண்ணை எழுதலாம். அது தாளின்மேல் நிற்கும். வெட்டுபவன் அவ்வாறு செய்யவியலாது. கண்ணைச் சுற்றி வெட்டினால் கண் கழன்று விழுந்துவிடும். எஞ்சி நிற்கும் ஒவ்வொரு பகுதியும் மற்றொரு பகுதியோடு எங்கேனும் ஓரிடத்திற் பிணைந்திருத்தல் வேண்டும். புருவம் நெற்றியோடும், கூடை தோளோடும், கொழுந்து பறிக்கும் விரல் செடியோடும் தொடுத்து நிற்கவேண்டும். அத்தொடுப்பைப் பாலம் எனலாம். பாலம் குறைந்தாற் படம் சிதறும். மிகுந்தால் உருவம் மங்கும். இக்கலையின் இலக்கணம் முழுவதும் இதனுள் அடங்கும் என்பது மிகையாகாது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதனை விளக்குதல் எளிது. கவ்வாத்து வெட்டுவோன் செய்வதும் இதுவேயன்றோ? ஆண்டுகள் சில கழிந்து தேயிலை உயர்ந்து திமிறும்போது, கிளைகளையெல்லாம் ஒரு மட்டத்திற்குத் தறித்துவிடுகின்றான். அவன் கண் போவது வெட்டுண்டு விழும் கிளைமேலன்று, விடப்படும் சட்டத்தின்மேல். அச்சட்டம் ஒழுங்காக நின்றாலன்றிப் புதுத் தளிர் ஒழுங்காக எழாது. கத்தி கூராக இருந்து, பட்டை கிழியாமல், ஒரே வீச்சிற் சரிவாக வெட்டவேண்டும் என்பதும் அவன் அறிந்ததே. கூர்மழுங்கிய கத்தரிக்கோல் தாளைக் கடித்துப் பிய்க்கும். மழுங்கிய கவ்வாத்துக் கத்தி கிளையைப் பிளக்கும்.

இனி, உருவத்தைத் தெரிந்தெடுக்கும் முறை. கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியை நேர்முகமாக நிறுத்தி அவள் நிழலுருவை வெட்டினால், தலையும் தோளும் கூடையும் ஒன்றாய்த் திரண்டு ஒரு பாறை போலத் தோன்றும். அவளையே பக்கவாட்டில் நிறுத்தினால், நெற்றிக்குமேற் செல்லும் கூடைக்கயிறு, முதுகிலே சாய்ந்த கூடை, இடையைச் சுற்றிய படங்கு, முன்னே நீண்ட கை, அதன்கீழ்ச் செடிமேற் கிடக்கும் மட்டக்குச்சி ஆகிய யாவும் தனித்தனியே விளங்கும். கயிற்றுக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு சிறு முக்கோண வெளி விடப்படும். கூடையின் பாரம் முழுவதும் அந்த வெளியிலேதான் தெரிகின்றது. வெட்டி நீக்கிய இடமே பொருள் சொல்லும் இடமாகின்றமை இக்கலையின் வியப்பு. தமிழ்நாட்டுத் தோற்பாவைக் கூத்தர் இதனை நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தனர். ஆட்டுத் தோலிலே அணிகலன்களையும் ஆடைக் கரைகளையும் சிறு துளைகளாகக் கொத்தி, விளக்கொளியை அவற்றினூடே செல்லவிட்டனர். செருமனியிலே லோத்தே ரைனிகர் என்னும் அம்மையார், அட்டையில் வெட்டி மூட்டுக்கள் பொருத்திய நிழலுருவங்களைச் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்து, இளவரசர் அஹ்மதின் கதையை 1926இல் முழுநீளத் திரைப்படமாக்கினார். பேசாப் படமாயிருந்தும், முகபாவம் காட்டவியலாத கரிய உருவங்களாயிருந்தும், கையும் கழுத்தும் வளையும் வளைவினாலேயே சினமும் காதலும் புலனாயின.

பயிற்சிக்கு வேண்டுவன மிகச் சில. நுனி நீண்டு மெலிந்த கத்தரிக்கோல் ஒன்று. உட்புறத் துளைகளுக்குச் சிறு கத்தி ஒன்று. கரிய தாள் அல்லது ஒரு பக்கம் மை பூசிய எழுதுதாள். தாளின் பின்புறத்திலே படத்தை இடம் வலம் மாற்றி வரைந்துகொள்ளவேண்டும். உள்ளே உள்ள சிறு துளைகளை முதலிலும், வெளிவிளிம்பைக் கடைசியிலும் வெட்டுதல் முறை; விளிம்பை முதலில் வெட்டிவிட்டாற் பிடித்துக்கொள்ள இடமிராது. வளைவுகளை வெட்டும்போது கத்தரிக்கோல் அசையாதிருக்க, தாளைப் பிடித்த இடக்கையே திரும்பவேண்டும். தொடங்குவோர் பெரும்பாலும் கத்தரிக்கோலைத் திருப்பி மணிக்கட்டை நோகச் செய்துகொள்வர்.

மலைநாட்டுக்கேயுரிய இடர் ஒன்றுண்டு. தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மூடுபனி இறங்கும் மாதங்களில் நார்கள் பருத்து மெதுவாகி, கத்தி செல்லுமிடத்தில் அறாமல் இழுபடும். வெட்டும் தாள்களை மூடியுள்ள விசுக்கோத்துத் தகரத்துள், வறுத்த அரிசி ஒரு சிறு துணிமூட்டையாக இட்டு வைத்தால் ஈரம் ஏறாது. ஒட்டுவதற்கு நீர் குறைந்த மாப்பசையே ஏற்றது; நீர் மிகுந்தால் தாள் நீண்டு, காயும்போது சுருங்கி மேடுபள்ளமாகும். பூச்சி அரியாதிருக்கப் பசையிலே மயில்துத்தம் சேர்ப்பது புத்தகம் கட்டுவோர் வழக்கம். அது நஞ்சாதலின் இளம்பிள்ளைகள் கையிற் கொடுக்கலாகாது.

பிறநாட்டுத் தாட்கலைஞர் பலருள்ளும் மலைத்தோட்ட மாணவன் முதலிற் காணத்தக்கவர் சுவிற்சர்லாந்தின் யோஹான் யாக்கப் ஹவுஸ்விர்த் என்பார். 1809இற் பிறந்து 1871இல் மறைந்தவர். பேயி தானோ என்னும் மலைப்பகுதியிலே, கரி சுட்டும் கூலிவேலை செய்தும் பண்ணை பண்ணையாகத் திரிந்தவர். நிலமில்லை, மந்தையில்லை, பள்ளிப்பயிற்சி பெற்ற ஓவியருமல்லர். நெடிய பருத்த உடலினர். அவர்தம் தடித்த விரல்கள் சிறு கத்தரிக்கோலின் வளையத்துள் நுழையாமையால் கம்பியால் வேறு வளையம் செய்து மாட்டிக்கொண்டார் என்று அவ்வூரார் சொல்லிவந்தனர். ஓரிரவு உணவும் படுக்கையும் அளித்த வீட்டாருக்குத் தாளிற் சித்திரம் வெட்டிக் கொடுப்பார். வேத நூலிலே அடையாளமாக வைக்கும் தாள்களையும் வெட்டிக் கொடுத்தமையால், ‘அடையாளத் தாள்களின் நெட்டையர்’ எனப் பொருள்படும் பட்டப்பெயரும் அவருக்கு வழங்கிற்று.

அவர் வெட்டியவை யாவை? கோடை தொடங்குங்கால் மாட்டு மந்தைகள் மேல்மலைப் புல்வெளிக்கு ஏறிச்செல்லும் காட்சியே அவருடைய பெரும்பொருள். மாடுகளும் மேய்ப்பரும் வரிசை வரிசையாய் மேலே ஏறுவர். நடுவே மரம், வீடு, பூச்சாடி, இதய வடிவம். தாளை நடுவே மடித்து வெட்டுதலின் இடமும் வலமும் ஒத்திருக்கும். இங்கே கருதத்தக்கது, அம்மாடுகளுள் ஒன்றேனும் அவருடையதன்று என்பது. பிறருடைய செல்வம் மலையேறிச் செல்வதைக் கூலியாள் ஒருவர் கண்டு, தாளிலே அதனைத் தமதாக்கினார். வீட்டார் அத்தாள்களை எறிந்துவிடாமல் நூல்களுக்குள்ளும் சட்டங்களுக்குள்ளும் வைத்துக் காத்தனர். அதனாலன்றோ அவருடைய படங்கள் இன்று ஷாத்தோ தே என்னும் ஊரின் காட்சிச்சாலையில் மதிப்புடன் விளங்குகின்றன! சோறிட்ட வீடுகளே கலைக்கும் காவலாயின.

அவர் மறைந்த 1871ஆம் ஆண்டிலேயே அவ்வட்டாரத்திற் பிறந்தவர் லூயி சோகி. தபாற்காரராகப் பணிபுரிந்தவர், 1953 வரை வாழ்ந்தவர். ஒருவரையொருவர் கண்டாரல்லர். எனினும் மூத்தவர் விட்டுச்சென்ற மந்தை வரிசை என்னும் பொருளையே இளையவரும் எடுத்தாண்டார். குருவின் முகங்காணாமல், குருவின் தாளைக் கண்டு கற்றல் கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அத்தாள் வீடுகளிலே காக்கப்பட்டிராவிடின் அத்தகைய கல்வியும் இல்லை.

ஆயினும், இவர்களைக் கண்டு சுவிற்சர்லாந்து மாடுகளையே லிந்துலையிலும் வெட்டத் தொடங்குதல் பயனற்றது. பார்க்கவேண்டுவது மாட்டையன்று; மாட்டுக்கும் மாட்டுக்கும் இடையே அவர் விட்ட வெளியையும், வரிசை முழுவதையும் தாங்கும் நிலக்கோட்டையும். அவ்வமைப்பை எடுத்துக்கொண்டால், பொருள் தானே வாசலில் நிற்கின்றது. மாலையிற் கொழுந்துக் கூடைகளோடு மடுவம் நோக்கி வரும் பெண்களின் வரிசை, மலைச்சரிவின் வளைந்த பாதை, பீலிக்கரையிலே குடம் நிறைய நிற்போர், இஸ்தோப்பிற் குந்தியிருக்கும் முதியவர் ஆகிய யாவும் ஒரே நிலக்கோட்டில் தொடுத்து நிறுத்தத்தக்கன. காமன் கூத்தின் ஊர்வலமோ, ஹவுஸ்விர்த் கண்டிருந்தால் விட்டிருக்கமாட்டார்.

பாலம் என்னும் சிக்கலுக்குப் பிறர் கண்ட விடைகளும் அறியத்தக்கன. சப்பானியர் துணியில் அச்சிடுவதற்கு வெட்டும் தாளச்சுக்களிலே, முசுக்கட்டை வகை மரநாரினாற் செய்த தாளைப் பனிச்சை இனத்துக் காயின் சாறூட்டி உறுதிப்படுத்துவர். பாலமே அமைக்கவொண்ணாத நுண்ணிய கோலங்களில், இரண்டு தாள்களுக்கிடையே பட்டு நூல்களை வலைபோலப் பரப்பி ஒட்டிவிடுவர். துணியில் நூலின் சுவடு தெரியாது. வட இந்தியாவில் மதுரா, பிருந்தாவனம் ஆகிய தலங்களிலே சாஞ்சி என்னும் கலை வழங்குகின்றது. கண்ணபிரான் லீலைகளைத் தாளிலே நுணுக்கமாக வெட்டி, அதனூடே வண்ணப் பொடி தூவித் தரையிலே கோலமாக்குவர். ஒரு நிறத்துக்கு ஒரு தாளாகப் பல தாள்கள் வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக இடுவதனால், ஒரு தாளிற் பாலம் மறைத்த இடத்தை மறுதாள் நிரப்பிவிடுகின்றது. கோலமிடும் வீட்டிற் பிறந்தோருக்கு இக்கலை அயலதாகத் தோன்றாது.

பிரான்சின் ஆன்றி மத்தீஸ் என்னும் பெரும் ஓவியர் அச்சிக்கலை ஒரே அடியாக நீக்கிவிட்டார். 1941இற் கடும் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகி, நெடுநேரம் நின்று தீட்டும் வலிமை குன்றியபின், உதவியாளர் வண்ணம் பூசிக்கொடுத்த தாள்களைக் கத்தரித்து ஒட்டுவித்தார். ஒட்டுவதாயிற் பாலம் எதற்கு? 1947இல் வெளிவந்த ‘ஜாஸ்’ என்னும் அவருடைய ஏடு இம்முறையின் முதற் பெருவிளைவு. இங்கிலாந்திலே மேரி டெலானி என்னும் மூதாட்டியார் தம் 72ஆம் அகவையில், 1772 அளவில், வண்ணத்தாட் துணுக்குகளைக் கரிய தாளில் ஒட்டிப் பூக்களின் உருவங்களை அமைக்கத் தொடங்கினார். கண்ணொளி மங்கும்வரை பத்தாண்டுகளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த தாவரங்களை முடித்தார். அவை பிரித்தானிய நூதனசாலையில் உள்ளன. ஒட்டுவேலையில் விடுதலை மிகுதி; எனினும் ஒற்றைத் தாளில் வெட்டிப் பழகாதார் அவ்விடுதலையைப் பயன்கொள்ள அறியார். இக்காலத்திலே கணினி வழி இயங்கும் வெட்டுப்பொறிகளும் வந்துள்ளன. பாலம் அமைக்கத் தெரியாதவன் வரைந்து கொடுத்தால் பொறியும் சிதறலாகவே வெட்டிக் கொடுக்கும்.

அச்சுப்படத்துக்கு இக்கலை மிகப் பொருந்துவது. ஒரே கரிய மையில் அச்சாகும் பாடசாலை ஏட்டிலே நிழற்படம் பெரும்பாலும் சாம்பல் நிறமாய்க் கலங்கிப்போகும். கத்தரித்த உருவமோ வெள்ளையும் கறுப்புமாய்த் தெளிவாக நிற்கும். ஒரு கதைக்குப் படம் வெட்டுவோன் கதையின் எல்லா நிகழ்ச்சிகளையும் காட்ட முயலாமல், கை நீளும் கணம், கதவு திறக்கும் கணம் எனப் புறவுருவிலே பொருள் தெரியும் ஒரு கணத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

வெசாக் கூடு கட்டுவோரிடத்தும், சப்பறம் சோடிப்போரிடத்தும் மாணவர் நேரிற் சென்று பார்த்தல் இவையனைத்தினும் பயனுடையது. பத்துத் தாள்களை ஒன்றாய் மடித்து, கோடு வரையாமலே, ஓரத்தை அலையலையாக அவர்கள் வெட்டிச் செல்லும் விரைவு எந்நூலிலும் எழுதப்படவில்லை. எம்மடிப்பு முதலில், எவ்வெட்டு அடுத்து என்பதனைக் கேட்டெழுதி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மாதிரித் தாளையும் வாங்கி வைத்தல் வேண்டும். 2007இல் கம்பளைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் பழைய லயன் அறைகளே தோட்டத் தொழிலாளர் காட்சிச்சாலையாக அமைக்கப்பட்டு, அவர்தம் வாழ்வுக்குரிய பொருள்கள் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. அவ்வாறே ஒவ்வொரு பாடசாலையும் தாளுக்கென ஓர் இழுப்பறையை ஒதுக்கலாம். விழா முடிந்த அன்றே, மழைக்கு முன், சப்பறத்தினின்றும் ஒரு தோரணத்தைக் கழற்றி, இரு வெள்ளைத் தாள்களுக்கிடையே தட்டையாக வைத்து, பின்புறத்திலே பென்சிலினால் வெட்டியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவு, விழா, ஆண்டு ஆகியவற்றை எழுதிவைக்க அரைமணி நேரம் போதும்.